பல்கலைக்கழகப் பிரவேசமும் மட்டக்களப்பு மாணவரும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் பொருள் நிறைந்தவை. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் கீழைக்கரை எழுவான்கரை. அது ஞாயிறு எழும் பக்கம். வாவிக்கு அப்பால் வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் மேலைக்கரை படுவான்கரை. அது ஞாயிறு படும் பக்கம். நெல் மிகுதியாக விளைவது படுவான்கரையில். அந்நிலங்களுக்குரிய போடிமாரிற் பலர் வாழ்ந்ததோ எழுவான்கரையில். வட்டையிலே தங்கி வேளாண்மையைப் பார்த்த முல்லைக்காரரும் அவர்தம் குடும்பத்தாரும் அக்கரைக்கே உரியவராயினர். பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கச்சேரியும் இக்கரையில் எழுந்தன.

பல்கலைக்கழக அநுமதியைப் பற்றிய பேச்சில் வாவிக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். வேலை உண்டு. 1971ஆம் ஆண்டு தொடங்கி இலங்கையிலே பெரும் பிணக்குக்குக் காரணமாயிருந்த தரப்படுத்தல் என்னும் விடயம், அடிப்படையில் ஒரு கேள்வியைப் பற்றியது. கல்வி வசதியிற் பின்தங்கிய மாணவன் ஒருவனுக்கு விட்டுக்கொடுப்பதானால், அவன் பின்தங்கியவன் என்பதை எதனைக் கொண்டு அறிவது? அவன் பேசும் மொழியைக் கொண்டா? அவன் படித்த இடத்தைக் கொண்டா? அரசாங்கம் முதலில் ஒன்றையும், பின்னர் மற்றதையும் கைக்கொண்டது. இடையிற் சில ஆண்டுகள் இரண்டையும் ஒரே பாத்திரத்திற் கலந்து கொடுத்தது. அக்கலவையின் கசப்பும் இனிப்பும் ஒருங்கே வந்து சேர்ந்த இடம் மட்டக்களப்பு.

முதலில் பள்ளிக்கூடங்களின் கதையைச் சிறிது நோக்குவோம். மெதடிஸ்த பாதிரியாராகிய வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்து கல்விப்பணியைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் மறைந்தாராயினும், அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கின்றது. புனித மிக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டிலே தோன்றியது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்து, கல்முனையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின்னர் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர், கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை 1929ஆம் ஆண்டில் நிறுவினார். இவற்றின் புகழ் யாவரும் அறிந்தது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: இவை யாவும் நகரிலும் கடலோரக் கரையிலும் எழுந்தவை. கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ பிறந்த ஒரு சிறுவன் இவற்றுள் ஒன்றை அடைவதற்கு முதலில் வாவியைக் கடக்க வேண்டும். தோணியும் பாதையும் (இழுத்துச் செல்லும் பெரிய மிதவைக்கு அவ்வூரார் வழங்கும் பெயர் அது) காற்றையும் வெள்ளத்தையும் பார்த்தே ஓடின. நகரிலே தங்கிப் படிப்பதற்கு உறவினர் வீடும் கையிலே பணமும் வேண்டும்.

இக்குறையைத் தீர்ப்பதற்கு முதல் முயற்சி செய்தவர் கன்னங்கரா. கல்வி மந்திரியாயிருந்த அவரது தலைமையிலே விசேட குழு ஒன்று 1943ஆம் ஆண்டிலே அறிக்கை தந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கு நிகரான மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களிலே நிறுவி, ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, அதிலே தேறிய ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் அளித்துப் படிப்பிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அத்திட்டத்தின் வழியே மட்டக்களப்பின் வடபால் வந்தாறுமூலையிலே ஒரு மத்திய கல்லூரி எழுந்தது. மீனவர் பிள்ளையும் முல்லைக்காரர் பிள்ளையும் விஞ்ஞான ஆய்வுகூடம் ஒன்றின் உள்ளே கால் வைப்பதற்கு இவ்வாறு வழி பிறந்தது. எனினும் வழி மிக ஒடுங்கியது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிலே தேறியவன் சென்றான்; தேறாதவன் ஆய்வுகூடம் இல்லாத பள்ளியிலேயே நின்றான்.

1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பின்னர் உயர்கல்வியும் படிப்படியாகச் சுயமொழிகளுக்கு மாறிற்று. கலைப்பாடங்கள் முன்னே மாறின; விஞ்ஞானப் பாடங்கள் பின்னே வந்தன. 1970ஆம் ஆண்டளவில் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் செல்ல விரும்பும் மாணவர் சிங்களத்திலோ தமிழிலோ விடையெழுதும் நிலை வந்துவிட்டது. ஒரே வினாத்தாளுக்கு இரு மொழிகளிலே விடை; இரு வேறு பரீட்சகர் கூட்டம். தமிழ்ப் பரீட்சகர் தம்மவர்க்குத் தாராளமாகப் புள்ளி வழங்கிவிட்டனர் என்ற ஒரு வதந்தி அக்காலத்திலே கிளம்பிற்று. அது விசாரிக்கப்பட்டது, விசாரணையில் அதற்கு ஆதாரம் காணப்படவில்லை. ஆனால், அதன் பின்னரும் அவ்வதந்தியின் வழியே காரியம் நடந்தது. 1970ஆம் ஆண்டு மே மாதம் பதவிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களின் அரசாங்கம், கல்வி மந்திரி பதியுதீன் மஹ்மூத் அவர்களின் காலத்தில், 1971ஆம் ஆண்டின் அநுமதிக்கு மொழிக்கொரு வெட்டுப்புள்ளியை விதித்தது. நானூறு புள்ளிகளில், வைத்தியத்துக்குச் சிங்கள மொழி மாணவர் பெறவேண்டியது 229. தமிழ் மொழி மாணவர் பெறவேண்டியது 250. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு முறையே 227, 250.

மறுபக்கத்து நியாயத்தையும் கூறாமல் விடுவது முறையன்று. அன்றைய இலங்கைத் தமிழர் சனத்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். மலையகத்துத் தமிழரைச் சேர்த்தாலும் ஐந்தில் ஒரு பங்கினரே. விஞ்ஞானம் சார்ந்த துறைகளிலோ 1970ஆம் ஆண்டிலே தமிழ் மாணவர் 35 விழுக்காட்டளவில் இருந்தனர். அமெரிக்க மிஷனும் பிற சபைகளும் சைவ வித்தியா விருத்தியாளரும் யாழ்ப்பாணத்திலே நூற்றைம்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய பள்ளிகளின் பயன் அது. மொனராகலையிலும் அநுராதபுரத்திலும் ஆய்வுகூடத்தைக் கண்ணாலும் காணாத சிங்களப் பிள்ளைகள் ஆயிரம் ஆயிரமாக இருந்தனர். படித்தும் வழியற்ற சிங்கள இளைஞரின் கொந்தளிப்பு 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக் கிளர்ச்சியாக வெடித்தது. கிராமத்துப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் தவறானது என்று யார் சொல்ல முடியும்?

தவறு எண்ணத்திலே இல்லை, அளவுகோலிலே இருந்தது. ஒரு சிறு கணக்கினால் இது விளங்கும். மூன்று மாணவரைக் கற்பனை செய்து கொள்வோம். ஒருவன் கொழும்பிலே எல்லா வசதியும் நிறைந்த பெரிய கல்லூரி ஒன்றில் சிங்கள மொழியிற் கற்றவன். இரண்டாமவன் மொனராகலைக் காட்டோரத்திலே சிங்கள மொழியிற் கற்றவன். மூன்றாமவன் படுவான்கரையிலே தமிழ் மொழியிற் கற்றவன். 1971ஆம் ஆண்டின் விதிப்படி முதல் இருவருக்கும் ஒரே 229. அதாவது, யாருக்காக விதி செய்யப்பட்டது என்று கூறப்பட்டதோ அந்த மொனராகலை மாணவன், கொழும்பு மாணவனோடு முன்போலவே சரிக்குச் சரி நின்று போட்டியிட வேண்டியவனாகவே இருந்தான். படுவான்கரையானுக்கோ 250. வசதியிலே கொழும்பு மாணவனுக்கு மிகக் கீழே நின்றவனிடம் அவனைக் காட்டிலும் இருபத்தொரு புள்ளி கூடுதலாகக் கேட்கப்பட்டது. கொழும்புக் கல்லூரியின் தமிழ்ப் பிரிவிலே, அதே ஆய்வுகூடத்திலே, அதே மேசையிலே கற்றவனுக்கும் 250 தான். பின்தங்கியவன் யார் என்பதை இவ்விதி அளக்கவேயில்லை. இனம் என்ற சொல்லை எழுதாமல், மொழியை இனத்துக்கு அடையாளமாக வைத்து எண்ணிய கணக்கு இது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தமிழ் மொழியிற் கற்ற முஸ்லிம் மாணவரும் அக்கணக்கிலே அகப்பட்டுக்கொண்டனர்.

இத்தகைய பிணக்கு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாகாணத்திலே வகுப்புவாரி ஆணை ஒன்று இருந்தது. வைத்திய, பொறியியற் கல்லூரிகளிலே ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாதாருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அது பகிர்ந்தது. செண்பகம் துரைராசன் என்னும் பிராமணப் பெண்மணி தொடுத்த வழக்கிலே, இந்திய உச்ச நீதிமன்றம் 1951ஆம் ஆண்டில் அவ்வாணை செல்லாது எனத் தீர்த்தது. அவ்வாண்டிலேயே இந்திய அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, சமூக நிலையிலும் கல்வியிலும் பிற்பட்டோருக்கு விசேட ஏற்பாடு செய்வதற்கு இடமளிக்கப்பட்டது. அங்கே யாரை எண்ணுகிறோம், எதற்காக எண்ணுகிறோம் என்பன வெளிப்படையாக எழுதப்பட்டு, நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வாதிடப்பட்டன. இலங்கையிலோ விதி திணைக்களத்து அறைக்குள்ளே பிறந்தது. மாணவர் அதனை அறிந்தது பெறுபேறு வந்த பின்னரே. விளையாட்டு முடிந்த பிறகு விதியை மாற்றுவது எந்த ஊரிலே வழக்கம்?

1973ஆம் ஆண்டிலே புள்ளிவிவரவியலின் போர்வை இதன்மேல் விழுந்தது. ஒவ்வொரு மொழியிலும் பரீட்சைக்கு அமர்ந்தவரின் தொகைக்கு ஏற்ற விகிதத்திலே தெரிவு அமையும்படி, இரு மொழியாரின் புள்ளிகளும் ஒரு பொது அளவுக்கு மாற்றப்பட்டன. தரப்படுத்தல் என்று பெயர் பெற்றது இதுவே. மறு ஆண்டு, 1974இல், இதனோடு மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்பப் பல்கலைக்கழக இடங்கள் பகிரப்பட்டன. 1975ஆம் ஆண்டில் விஞ்ஞானத் துறைகளிலே தமிழ் மாணவரின் பங்கு 19 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. ஐந்தே ஆண்டுகளிலே நிகழ்ந்த இவ்வீழ்ச்சி யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளத்திலே என்ன செய்தது என்பது நாடறிந்த சரித்திரம். அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பின் கதை அத்துடன் முடியவில்லை. மாவட்டப் பங்கீட்டினால் இழந்தவை கொழும்பும் யாழ்ப்பாணமும் போன்ற கல்வி முதிர்ந்த மாவட்டங்கள். புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் மிகச் சிலரையே அனுப்பியிருக்கக் கூடிய மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற தமிழ் மாவட்டங்களுக்கோ அது கதவைத் திறந்தது. அக்கதவின் வழியே சென்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் திரும்பியவர்களின் சேவையை வாவிக்கரைக் கிராமங்கள் பின்னாளிலே பெற்றன. மாவட்டப் பங்கீடு இனத்தைக் கேளாமல் இடத்தைக் கேட்டது. மொனராகலைச் சிங்களவனையும் மட்டக்களப்புத் தமிழனையும் ஏறாவூர் முஸ்லிமையும் ஒரே வரிசையிலே வைத்தது. அதிலே ஒரு நியாயம் இருந்தது.

ஆனால், அந்நியாயத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டக்களப்புத் தமிழருக்கு அன்று வகையில்லை. மொழித் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் ஒரே அரசாங்கத்தின் கையிலிருந்து, ஒரே காலத்திலே, ஒரே பெயரோடு வந்தன. ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்றதாகும். 'தரப்படுத்தலால் எங்களுக்கும் நன்மை உண்டு' என்று ஒருவர் கூறினால், இனத்துக்கு இழைத்த அநீதிக்கு உடந்தையானவர் என்ற பழி வரும். நன்மையே இல்லை என்று கூறினால் அது உண்மையாகாது. ஆதலின் பலர் மௌனம் சாதித்தனர். யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் இடையே ஏற்கனவே இருந்த மனத்தாங்கலுக்கு இம்மௌனம் மேலும் உரமிட்டது. நல்ல மருந்தை நஞ்சோடு கலந்து கொடுத்தால், உண்டவன் பின்னர் மருந்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சுவான். இன்றும் தமிழரிடையே 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல், இரு வேறு காரியங்களையும் பிரிவின்றிக் குறித்து நிற்கின்றது.

இம்முறையின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1976ஆம் ஆண்டிலே பங்கீடு தளர்த்தப்பட்டு, இடங்களில் 70 விழுக்காடு புள்ளியின் அடிப்படையில் வழங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டிலே ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் ஒழிந்தது. மாவட்டப் பங்கீடு நின்றது. ஒரு பகுதி அகில இலங்கைத் திறமைக்கும், பெரும்பகுதி மாவட்டங்களுக்கும், சிறு பகுதி பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற ஏற்பாடு உருவாயிற்று. இன்று அவ்விகிதம் 40, 55, 5 ஆகும். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதற்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை பயன்படுகின்றது; அது பாடத்தைப் பார்க்கின்றது, மொழியைப் பார்ப்பதில்லை. இதற்கிடையே, கன்னங்கரா காலத்து வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவிலேயே 1981ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986ஆம் ஆண்டிலே அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. யுத்த காலத்திலே இனங்களுக்கிடையே விழுந்த பிளவினால் அங்கு கற்க இயலாத முஸ்லிம் மாணவருக்காக 1995ஆம் ஆண்டிலே தென்கிழக்கிலே வேறொரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, மறு ஆண்டிலே பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் இருப்பது அதுவே.

இனி, இடம் என்னும் அளவுகோலையும் சற்று உரைத்துப் பார்ப்போம். மாவட்டம் என்பது கல்விக்காக வகுக்கப்பட்ட எல்லையன்று. 1961ஆம் ஆண்டு வரை கல்முனையும் காரைதீவும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கே உரியவை. அவ்வாண்டிலே அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. நிருவாக வசதிக்காக இழுத்த அக்கோடு, பதின்மூன்று ஆண்டுகளின் பின் வெட்டுப்புள்ளியின் கோடாகவும் மாறிற்று. துறைநீலாவணை இப்பக்கம், பெரியநீலாவணை அப்பக்கம். ஒரே மழையிலே நனைந்து, ஒரே சந்தையிலே கொண்டு விற்று, ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து வாழும் அயலூர்ப் பிள்ளைகள் இருவருக்கு, எந்த ஊர்ப் பள்ளியிலே பதிவு என்பதைப் பொறுத்து வெவ்வேறு புள்ளி. மாணவரின் மாவட்டம் அவர் கற்ற பள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், வெட்டுப்புள்ளி தாழ்ந்த மாவட்டத்துக்குச் சென்று பரீட்சை எழுதும் உபாயமும் தோன்றிற்று; அதனைத் தடுக்கவே குறித்த ஆண்டுகள் அம்மாவட்டத்துப் பள்ளியிலே தொடர்ந்து கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.

மாவட்டத்துக்கு உள்ளே நோக்கினால் வாவி மீண்டும் குறுக்கே வந்து நிற்கின்றது. மட்டக்களப்பு பின்தங்கிய மாவட்டம் என்பது உண்மையே. ஆயின் மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடங்களுக்கு எழுவான்கரையும் படுவான்கரையும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. நகரத்துப் பெரிய கல்லூரியிலே கற்று, மாலையிலே தனியார் வகுப்புக்கும் செல்லும் மாணவன் ஒருவனும், இரசாயன ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் பல மாதம் பாடமின்றி இருந்த மாணவன் ஒருவனும் ஒரே கணக்கிலே எண்ணப்படுகின்றனர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி பள்ளிக் கூரைகளைப் பறித்ததும், பின்னர் மூன்று தசாப்தங்கள் நீடித்த யுத்தம் படுவான்கரையை அடிக்கடி வெறிதாக்கியதும் அக்கரையின் குறையை இன்னும் ஆழமாக்கின. பிற்காலத்தில் மட்டக்களப்பு மேற்கு என ஒரு கல்வி வலயம் தனியே வகுக்கப்பட்டது. மண்முனையிலே பாலம் கட்டப்பட்டு 2014ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பாலம் வந்தபின் ஆசிரியர்கள் நகரிலிருந்தே சென்று வரலாயினர். வந்து போவது எளிதானதைப் போலவே, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் காலையிலே பாலம் கடந்து நகரத்துப் பள்ளிக்குப் போவதும் எளிதாயிற்று.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசிற் பரீட்சை இன்றும் நடைபெறுகின்றது. அதன் வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறாகவே வெளியாகின்றது. இதனைக் கண்டு, 1971ஆம் ஆண்டின் வழக்கம் இன்னும் தொடர்கின்றதே என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. தமிழ் மொழி வகுப்பிலே உள்ள இடத்துக்குச் சிங்கள மொழிப் பிள்ளை போட்டியிடுவதில்லை; அவரவர் வகுப்புக்கு அவரவர் வரிசை. ஆதலால் ஒருவரின் புள்ளி மற்றவரின் இடத்தைப் பறிப்பதில்லை. 1971ஆம் ஆண்டிலோ வைத்தியபீடத்திலே இருந்தவை பொதுவான இடங்கள். அவற்றுக்கே இரு படிகள் வைக்கப்பட்டன. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், அநீதியைப் பகுத்தறிவதற்கு இன்றியமையாதது.

கன்னங்கரா எண்ணியது, கெட்டிக்காரப் பிள்ளையைக் கிராமத்துக்கு அருகிலேயே நல்ல பள்ளியில் வைத்துப் படிப்பிப்பது. இன்று அப்பரீட்சையிலே தேறிய படுவான்கரைப் பிள்ளை நகரத்துக் கல்லூரிக்கே போகின்றது. அப்பிள்ளைக்கு அது நன்மை. அது விட்டுச் சென்ற வகுப்பிலே மறு ஆண்டு விஞ்ஞானப் பிரிவைத் தொடங்குவதற்குப் போதிய தொகை சேருவதில்லை. தொகை சேராத பள்ளிக்குக் கணித ஆசிரியரை அனுப்புவதற்குத் திணைக்களமும் தயங்குகின்றது. மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்கள் குறையாமல் நிரம்புகின்றன. நிரப்பியவர்கள் வாவியின் எக்கரையார் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆண்டுதோறும் வெளியாகும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி அட்டவணையிலே மட்டக்களப்பு என்பதற்கு ஒவ்வொரு துறைக்கும் ஒரே ஓர் எண் தான் இருக்கின்றது. புளியந்தீவிலே இருந்து அதனைப் பார்க்கும் பிள்ளையும், வெல்லாவெளியிலே இருந்து பார்க்கும் பிள்ளையும் தத்தம் புள்ளியை அந்த ஒரே எண்ணோடு வைத்துப் பார்க்கின்றனர்.